முச்சந்தியும் முட்டுச்சந்தும்: சென்னைப் பட்டணம் விரிந்த வரலாறு

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவ்வூரை ஆண்ட மன்னரையும், அங்கு நிகழ்ந்த போர்களையும், எழுந்த கோயில்களையும் பற்றியே விரித்துரைப்பர். தெருக்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். ஆயினும் அரசு மாறும், கோட்டை இடியும், வீடு கைமாறும். தெருவோ ஒருமுறை அமைந்துவிட்டால் நூற்றாண்டு பல கழியினும் இடம்பெயராது நிற்கும். அதன் இருபுறத்து வீடுகளும் ஐந்துமுறை இடித்துக் கட்டப்படலாம். தெருவின் கோடு மாறாது. ஆதலின் தெருவை வகுப்போர் தம் காலத்தவர்க்கு மட்டுமன்றித் தம் பேரர்க்குப் பேரர்க்கும் வழி வகுக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

இவ்விஷயத்தை இப்பொழுது எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்து அன்பர் ஒருவர் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறினார். அவருடைய தமக்கையார் அதற்கு முன்பே அடுத்த மனைப்பிரிவில் குடியிருந்தார். படத்தில் பார்த்தால் இரு வீட்டிற்கும் நடுவே நூறடி தொலைவும் இராது. முதுமைக் காலத்தில் அக்காளும் தம்பியும் அருகருகே இருக்கலாம் என்றெண்ணியே அம்மனையை அவர் வாங்கினார். ஆனால் இரு பிரிவுகளுக்கும் இடையே எட்டடி மதில் நிற்கிறது. மொட்டைமாடியில் நின்றால் அக்காள் துணி உலர்த்துவது தெரிகிறது. அவர் கையால் ஒரு குவளை மோர் வாங்கிப் பருக வேண்டுமாயின், தம் தெருவின் வாயில்வரை வந்து, பெருஞ்சாலையேறி, லாரிகளுக்கு ஒதுங்கி நடந்து, அடுத்த வாயிலிலுள்ள காவலாளியிடம் பெயர் எழுதிக் கொடுத்து உள்ளே போக வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மைல். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் இரவு அந்த அம்மையாருக்கு மூச்சுத்திணறல் கண்டபொழுது, அறுபத்தேழு வயதுடைய தம்பி ஏணி சார்த்தி மதிலேறிக் குதித்துச் சென்றார். இதைக் கேட்ட நமக்கு, நூறடி ஒன்றரை மைல் ஆனது எங்ஙனம் என்ற வினா எழுந்தது. அதற்கு விடை தேடப் புகுந்ததே இக்கட்டுரையாம்.

தெருக்கள் கூடும் வகை

முதலில் ஒரு சிறு கணக்கைத் தெளிந்துகொள்வோம். ஒரு தெரு சென்று முடியும் இடத்திற்கு அப்பால் வழியில்லையேல் அது முட்டுச்சந்து. மூன்று வழி கூடுமிடம் முச்சந்தி. நான்கு வழி கூடுமிடம் நாற்சந்தி. ஓர் ஊரில் நாற்சந்தியும் முச்சந்தியும் மிகுந்து, முட்டுச்சந்து குறைந்திருந்தால் அவ்வூர்த் தெருக்கள் நன்கு பிணைந்தவை எனலாம். முட்டுச்சந்து மிகுந்தால் பிணைப்பற்றவை எனலாம்.

சதுரங்கப் பலகைபோல் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த ஊரில், ஒருவர் தம் வீட்டு முனையினின்று மூன்று தெரு கிழக்கேயும் மூன்று தெரு வடக்கேயும் உள்ள ஓரிடத்திற்குச் செல்ல வேண்டும் என வைத்துக்கொள்வோம். சுற்றிப் போகாத குறுகிய வழிகள் மட்டுமே அவருக்கு 20 உண்டு. கணக்குப் பயிலும் நம் இளைஞர்கள் இதனைத் தாளில் வரைந்து சரிபார்க்கலாம். ஒரு தெருவில் கலியாணப் பந்தல் போட்டிருப்பினும், குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருப்பினும், வேறு பத்தொன்பது வழிகளுள் ஒன்று உதவும். மரத்தின் கிளைகள்போல் எல்லாத் தெருவும் ஒரே அடித்தண்டில் சென்று சேரும் ஊரிலோ அவருக்கு உள்ள வழி ஒன்றே. அவ்வொன்று அடைபட்டால் அவர் வீட்டிலேயே அடைபட்டார். நன்கு பிணைந்த ஊரும் பிணையாத ஊரும் வேறுபடுவது இவ்விடத்திலேதான்.

பழைய பட்டணம்

கிழக்கிந்தியக் கும்பினியார் 1639ஆம் ஆண்டில் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் உரிமை பெற்று, அடுத்த ஆண்டில் கடற்கரை மணலில் கோட்டையெழுப்பத் தொடங்கினர். கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் நிலத்தில், இந்நாட்டு வணிகரும் நெசவாளரும் குடியேறிய பழைய கறுப்பர் பட்டணம் எழுந்தது. 1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டையருகே வீடுகள் இருப்பது பகைவர் மறைந்து சுடுவதற்கு இடமாகும் என்று கருதி, பழைய பட்டணம் முழுவதையும் இடித்து வெளியாக்கினர். பட்டணத்தின் பெருங்கோயிலும் அதனோடு போயிற்று. பின்னர்த் தேவராச முதலித் தெருவில் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் எழுந்த இரட்டைக் கோயிலே அதற்கு ஈடாயிற்று. வெளியாக்கிய நிலத்தில் எவரும் வீடு கட்டலாகாது என்று எல்லைத் தூண்கள் நட்டனர். 1773ஆம் ஆண்டுத் தேதி பொறித்த தூண் ஒன்று பாரிமுனையிலுள்ள கட்டிடத்தில் இன்றும் உள்ளது.

அவ்வெளிக்கு வடக்கே வளர்ந்தவையே முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய பகுதி இவ்விரு பேட்டைகளும் சேர்ந்ததே. தம்புச் செட்டித் தெரு, இலிங்கிச் செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தங்கசாலைத் தெரு என நெடுந்தெருக்கள் வடக்குத் தெற்காக ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே சந்துகள் வெட்டுகின்றன. தெரு குறுகியது, ஆனால் குறுக்கு வழி மிகுதி. மூட்டை சுமப்போரும், தள்ளுவண்டிக்காரரும், கோயிலுக்குச் செல்லும் மாதரும் பெருந்தெருவை நம்பியிராமல் சந்துக்குள் சந்தாகப் புகுந்து செல்லும் வசதி அங்கே இன்றும் உண்டு. ஒரு பேட்டைக்கும் மற்றொரு பேட்டைக்கும் நடுவே தாழ்ந்த பள்ளமும் நீரோடையும் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாப்பம் என்னும் ஆங்கில வழக்கறிஞர் அந்நிலத்தைத் திருத்தி வீதியாக்கினார். அதுவே பாப்பம் பிராட்வே எனப் பெயர் பெற்று, இன்று பிரகாசம் சாலையாக விளங்குகிறது. இரு பேட்டைகளைப் பிரித்த பள்ளமே அவற்றை இணைக்கும் வீதியாயிற்று.

தெருவும் உரிமையும்

பள்ளம் மட்டும் அவ்விரு பேட்டைகளைப் பிரித்திருந்ததென எண்ணற்க. அந்நாளில் வலங்கையார், இடங்கையார் என இரு பெரும் பிரிவாகச் சாதியினர் நின்று, எத்தெருவில் எவர் ஊர்வலம் போகலாம் என்பது பற்றி ஓயாமல் பூசலிட்டனர். 1652ஆம் ஆண்டிலேயே இப்பூசல் கலகமாக முற்றியது. இன்னின்ன தெரு இன்னார்க்கு என்று பகுத்துத் தீர்ப்புச் செய்தனர். 1707ஆம் ஆண்டில் கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் கலியாண ஊர்வலம் பற்றிய வழக்கு மீண்டும் மூண்டது. வலங்கையாருட் பலர் பட்டணத்தை விட்டுச் சாந்தோமிற்குப் போய்விட்டனர். வாணிகம் நின்று கும்பினியார் தவித்தனர். முடிவில் பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையார்க்கும் முத்தியாலுப்பேட்டை இடங்கையார்க்கும் என வகுக்கப்பட்டது.

நம் முன்னோர் அன்று எப்பக்கம் நின்றனர் என்று ஆராய்ந்து பெருமை பேசுதல் ஈண்டு நம் கருத்தன்று. தெருக்கள் கல்லாலும் மண்ணாலும் கூடியிருந்தும், மனிதர் நடக்கும் உரிமையால் துண்டுபட்டிருந்தன என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். 1924ஆம் ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடப்பதற்காகவே பெரும் சத்தியாக்கிரகம் வேண்டியிருந்தது. ஈரோட்டினின்று சென்ற பெரியார் ஈ.வே.ராமசாமி அதில் சிறை புகுந்தார். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் வழியை அடைத்து நின்ற மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதியன்று. ஒரு சாதியார் நடத்தும் பத்திரிகையில் இவற்றை எழுதுவதற்கு நாம் கூச வேண்டியதில்லை. மறைத்தலே கூசத்தக்கது. தெருவை அடைக்கும் கை எவருடையதாயினும், அடைபடுவது ஊரே.

தோட்ட வீடும் இரயில் பாதையும்

கும்பினியார் ஆட்சி பெருகப் பெருக அயலிலிருந்த கிராமங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணத்தோடு சேர்ந்தன. எழும்பூரும் புரசைவாக்கமும் தண்டையார்ப்பேட்டையும் 1693இல் சேர்ந்தன. நுங்கம்பாக்கம் முதலியன 1708இல் சேர்ந்தன. மயிலாப்பூரும் சாந்தோமும் 1749இல் சேர்ந்தன. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் சென்னையினும் மிகப் பழமை வாய்ந்த ஊர்கள். கோயிலையும் குளத்தையும் சுற்றி மாடவீதி நான்கும், அவற்றினின்று பிரியும் கிளைவீதிகளும் அங்கே முன்னமே இருந்தன. தேர் சுற்றிவர வேண்டும் என்னும் ஒரு நியதியே அங்கே தெரு முட்டாமல் காத்தது. முட்டுச்சந்தில் தேர் திரும்பாதன்றோ!

இவ்வூர்களுக்கு இடையே கிடந்த நிலத்தில் ஆங்கில உத்தியோகஸ்தர் ஏக்கர் கணக்கில் தோட்ட வீடுகள் அமைத்தனர். கோட்டையினின்று பரங்கிமலைக்குச் செல்லும் மவுண்ட் ரோடு அவர்தம் உயிர்நாடி ஆயிற்று. அடையாற்றின்மேல் அவ்வழிக்கு 1726ஆம் ஆண்டில் பாலம் கட்டித் தந்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். சென்னை விரல்களை விரித்த கைபோல் வளர்ந்ததற்குக் காரணம் இதுவே. நெடுஞ்சாலைகள் விரல்கள், நடுவே தோட்டமும் ஏரியும் வயலும். விரலுக்கு விரல் தாவும் குறுக்குச் சாலைகள் மிகக் குறைவாகவே இருந்தன. பின்னாளில் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபொழுது, ஒவ்வொரு தோட்டத்திற்குள்ளும் ஒரு சிறு தெரு போட்டு முடித்துக்கொண்டனர். அடுத்த தோட்டத்துச் சுவர்வரை சென்று அது நின்றுவிட்டது. நுங்கம்பாக்கத்திலும் கீழ்ப்பாக்கத்திலும் காணும் பல முட்டுச்சந்துகளின் பிறப்பு இஃதே.

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியில் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடுவரை புகைவண்டி ஓடியது. 1895இல் மின்சார டிராம் வந்தது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இவை தொலைவைச் சுருக்கின என்பது மெய்யே. ஆயினும் இரயில் பாதை தான் கடக்கும் ஊரை இரண்டாகப் பிளக்கவும் செய்யும். மேற்கு மாம்பலத்தார் தியாகராயநகருக்குப் போக இன்றும் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை முதலிய சில வழிகளையே நம்பியிருக்கின்றனர். மழை பெய்து அவற்றில் நீர் நின்றால் இரு பகுதியும் இரு தீவுகளாம். டிராம் 1953ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று.

ஏரி நகரான கதை

பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1915ஆம் ஆண்டில் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். பழைய ஊரை இடித்து நேர்ச்சாலை போடுவதினும், உள்ள தெருக்களைக் காத்து, வேண்டுமிடத்தில் மட்டும் சிறிது திறந்து விடுதலே நலம் என்பது அவர் கொள்கை. 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் எழுந்த பெருமுயற்சியே தியாகராயநகர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய இந்நகர், மாம்பலத்து நெடிய ஏரியை 1923ஆம் ஆண்டு முதல் வடித்துத் தூர்த்த நிலத்தில் அமைந்தது. நடுவே பனகல் பூங்கா. அதனினின்று உஸ்மான் சாலையும், தியாகராய சாலையும், வெங்கடநாராயணா சாலையும், ஜி.என்.செட்டி சாலையும் ஆரங்கள்போல் விரிகின்றன. அவற்றினிடையே சிறு தெருக்கள் ஒன்றோடொன்று தடையின்றிக் கூடுகின்றன. நூறாண்டு கழிந்து, தனி வீடுகளிருந்த இடத்தில் பெருங்கடைகள் எழுந்து, இலட்சக்கணக்கானோர் வந்து மொய்க்கும் இந்நாளிலும் அந்நகர் ஒருவாறு மூச்சுவிடுகிறது என்றால் அப்பிணைப்பே காரணம்.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் சொல்லாது விடலாகாது. தெருவுக்குத் தெரு வழிவிட்ட திட்டக்காரர் நீருக்கு வழிவிட மறந்தனர். ஏரி போன இடத்தில் நீர் வந்து நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாத இடத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. தெருவின் பிணைப்பும் நீரின் பிணைப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பதே நகரமைப்பின் முழு வெற்றி.

விடுதலைக்குப் பின் நகர மேம்பாட்டு டிரஸ்டும், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வீட்டுவசதி வாரியமும் இவ்வழியையே பின்பற்றின. 1968ஆம் ஆண்டு வாணிகப் பொருட்காட்சி நடந்த நிலத்தைச் சூழ எழுந்த அண்ணாநகரில் அகன்ற சாலைகள் நெடுக்கும் குறுக்குமாகச் சென்று நாற்சந்திகளில் கூடுகின்றன. சாலைகளுக்கு எண்ணிட்டு வழங்கியமையால் புதியவரும் வழி தப்பாமல் செல்லலாம். அரசாங்கமே நிலம் எடுத்து, அரசாங்கமே தெரு வகுத்ததால் ஒரு பகுதியின் தெரு அடுத்த பகுதியின் தெருவைத் தேடிச் சென்று சேர்ந்தது.

இக்காலத்து மனைப்பிரிவு

1901ஆம் ஆண்டில் சென்னை நகரத்து மக்கள் ஏறக்குறைய 5 இலட்சம். 2011ஆம் ஆண்டில் பழைய எல்லைக்குள் மட்டும் 46 இலட்சம். அவ்வாண்டிலேயே மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 174 சதுரக் கிலோமீட்டரினின்று 426 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. பெருநகரத் திட்டப்பகுதி 1189 சதுரக் கிலோமீட்டராக இருந்து, 2022ஆம் ஆண்டு ஆணையால் 5904 ஆகப் பெருகியது. ஊர் இங்ஙனம் பரந்தபொழுது தெரு வகுக்கும் வேலை யார் கையில் இருந்தது என்று பார்த்தல் வேண்டும்.

1975ஆம் ஆண்டு முதற் பெருந்திட்டமும் 2008ஆம் ஆண்டு இரண்டாம் பெருந்திட்டமும் பெருஞ்சாலைகளையும் நிலத்தின் பயனையும் வகுத்தன. சிறு தெருக்களை வகுத்தோரோ பெரும்பாலும் நிலம் வாங்கி விற்ற தனியாரே. ஒரு விவசாயியின் ஐந்து ஏக்கரை ஒருவர் வாங்குகிறார். நடுவே ஒரு தெரு போட்டு, இருபுறமும் மனை பிரித்து, எல்லையில் கல் நடுகிறார். அடுத்த ஐந்து ஏக்கரை வேறொருவர் மூன்றாண்டு கழித்து வாங்குகிறார். முன்னவர் தெரு எங்கே முடிந்ததென்பதை இவர் நோக்குவதில்லை. தெருவை நீட்டினால் இரண்டு மனை குறையும். குறைந்தால் இலாபம் குறையும். ஆகவே வயல் வரப்பு எங்கே இருந்ததோ அங்கே தெரு முடிகிறது. நம் பாட்டன்மார் உழுத வரப்பு இன்று நகரத்தின் மதிலாய் நிற்கிறது. தம்பிக்கும் அக்காளுக்கும் நடுவே நிற்கும் மதிலும் இத்தகையதே.

அனுமதி பெறாத மனைப்பிரிவுகள் பெருகியமையால் இக்கேடு மிகுந்தது. 2016ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. அடுத்த ஆண்டு அரசாங்கம் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் இயற்றியது. வரன்முறைப்படுத்தினால் மனைக்குப் பட்டயம் கிடைக்கும். அடைபட்ட தெரு அதனால் திறந்துவிடாது.

பழைய மகாபலிபுரம் சாலையைக் காண்க. அகன்ற சாலை, இருபுறமும் கணினித் தொழிற்கூடங்களும் அடுக்குமாடிகளும். ஆனால் அது மீனின் நடுமுள் போன்றது. பக்கத்து முட்கள் நடுமுள்ளில் வந்து சேருமேயன்றித் தம்முள் சேர்வதில்லை. ஒரு குடியிருப்பினின்று அடுத்த குடியிருப்புக்குப் பிள்ளையை நடனவகுப்பிற்கு அழைத்துச் செல்லும் தாயும், தொலைவூர் செல்லும் லாரியும் ஒரே சாலையில் ஏறியே ஆக வேண்டும். அங்கே நெரிசல் என்று சாலையை அகலமாக்குகிறோம். அகன்றபின் இன்னும் பல முட்டுச்சந்துகள் அதில் வந்து விழுகின்றன.

இங்கே நியாயம் தவறாமல் ஒன்று கூற வேண்டும். அச்சாலைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பும் உள்ளன. கால்வாயைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் செல்ல வழிகள் சிலவே. கால்வாய்க்குப் பாலம் கட்டலாம். சதுப்பு நிலத்தைத் தெருவால் கூறுபோடுதல் தகாது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் தென்சென்னை மூழ்கியதை நேரில் கண்டோம். நீர் தங்கும் இடத்தையும் நீர் செல்லும் வழியையும் அடைத்ததன் பயன் அது. ஆகவே இயற்கை தடுத்த இடத்தில் தடுப்பை மதித்தலும், மனிதன் தடுத்த இடத்தில் தடுப்பை நீக்கலுமே அறிவுடைமை.

பிற நாட்டார் அனுபவம்

இவ்வழக்கம் நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டில் நியூயார்க் நகர் 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி சதுரங்கக் கட்டங்களாக வளர்ந்தது. 1929இல் நியூஜெர்சி நாட்டில் ராட்பர்ன் என்னும் குடியிருப்பு முட்டுச்சந்துகளைக் கொண்டு அமைந்தது. மோட்டார் வண்டியினின்று குழந்தைகளைக் காப்பதே நோக்கம். ஆனால் அங்கே முட்டுச்சந்தின் முனையினின்று நடைபாதைகள் பிரிந்து, பூங்காவின் வழியே பிற வீடுகளையும் பள்ளியையும் சேர்ந்தன. பின்வந்தோர் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டனர். அந்நாட்டு அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனமும் 1930களில் வளைந்த தெருவையும் முட்டுச்சந்தையும் பரிந்துரைத்தது. ஊர்கள் எல்லையின்றிப் பரந்தன.

பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அமெரிக்கத் தெருக்களின் சந்திகளை ஒரு நூற்றாண்டு வரிசையில் எண்ணிப் பார்த்து 2015ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். புதிய தெருக்களின் பிணைப்பின்மை நூற்றாண்டு முழுவதும் வளர்ந்து, 1994ஆம் ஆண்டளவில் உச்சமடைந்து, பின்னர் ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது என்று கண்டனர். சில ஊர்களில் தெருக்கள் கூட வேண்டும் என்று விதி செய்ததும் இக்குறைவிற்கு உதவியது. 2020ஆம் ஆண்டில் அவ்விருவரே உலகம் முழுவதையும் ஆராய்ந்து, பல நாடுகளில் புதிய தெருக்கள் பிணைப்புக் குறைந்தே அமைகின்றன என எச்சரித்தனர். அமெரிக்கர் கைவிடத் தொடங்கிய பழுதை நாம் பெருமையாய் எண்ணிக் கைக்கொள்கிறோம்.

ஆட்சேபமும் விடையும்

"தெருவைத் திறந்துவிட்டால் திருடர் வருவர், வண்டிகள் விரைந்தோடும், பிள்ளைகள் விளையாட இடமிராது" என்பர் சிலர். இவ்வாட்சேபத்தை எள்ளி நகையாடுதல் தகாது. பிள்ளைகளைப் பெற்றோர்க்கு அவ்வச்சம் இயல்பே. ஆனால் வண்டி புகாமல் தடுப்பதற்கும் மனிதர் புகாமல் தடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. மதிலில் மூன்றடி அகலத்திற்கு ஒரு நடைவழி விட்டால் லாரி நுழையாது. பள்ளிக்குச் செல்லும் சிறுவனும், மிதிவண்டியில் பால் கொண்டுவருபவரும், நோயுற்ற தமக்கையைப் பார்க்க ஓடும் தம்பியும் நுழையலாம். ஜார்ஜ் டவுனின் சந்துகள் செய்த வேலை அதுவே. மேலும், ஆள் நடமாட்டமுள்ள தெருவைக் காக்கும் கண்கள் பல. வெறிச்சோடிய முட்டுச்சந்தைக் காப்பவரோ வாயிலில் உறங்கும் ஒரு காவலாளி. ஒரே வாயிலையுடைய குடியிருப்பில் தீப்பிடித்து, அவ்வாயிலில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் நேரும் ஆபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நாம் செய்யத்தக்கன

நம்மவர் குடும்பங்கள் பல கிராமத்து நிலத்தை விற்றும், நகையை அடகு வைத்தும் பட்டணத்தின் ஓரத்தில் மனை வாங்கி வருகின்றன. மனையின் திசையையும் வாஸ்துவையும் கேட்கும் நாம், தெரு எங்கே போகிறது என்று கேட்பதில்லை. இனிக் கேட்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கி, தெரு எல்லைக்கல்வரை சென்று அடுத்த நிலத்திற்கு வழி விட்டிருக்கிறதா என்று நோக்குக. தெரு நிலம் உள்ளாட்சி மன்றத்திற்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டுளதா என்று விசாரிக்க. கொடுக்கப்பட்ட தெரு பொதுச்சொத்து. அதன் முனையில் எவரும் சுவரெழுப்ப உரிமையில்லை. ஓடையோ வாய்க்காலோ அந்நிலத்தின் வழியே சென்றதா என்று பழைய கிராமப் படத்தைப் பார்த்தறிக. நம்மவருள் நிலம் பிரித்து விற்கும் தொழிலில் உள்ளவர் தம் மனைப்பிரிவில் குறைந்தது இரண்டு வாயில்களும், நாற்புறமும் நீளத்தக்க தெரு முனைகளும் விடுவாராக. இரண்டு மனையின் இலாபம் குறையும். ஆனால் அத்தெருவில் பேரன் காலத்தவரும் வாழ்த்தி நடப்பர். குடியிருப்போர் சங்கங்களில் பொறுப்பேற்றுள்ள நம் அன்பர்கள், அடுத்த குடியிருப்பாரோடு பேசி, மதிலில் ஒரு நடைவழி திறக்க முயல்வாராக.

மேலே கூறிய அக்காள் தம்பி இருவரும் இரண்டு சங்கங்களுக்கும் மனுக் கொடுத்துள்ளனர். ஒரு சங்கம் இசைந்தது. மற்றொன்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசிப்பதாகக் கூறியுள்ளது. இதை எழுதும் இந்நாள்வரை மதில் அப்படியே உள்ளது. தம்பி சார்த்திய ஏணியும் அங்கேயே உள்ளது; அதை எடுத்துவிடவேண்டும் என்று காவலாளி இருமுறை சொல்லியும் அவர் எடுக்கவில்லை.

அன்பர்காள்! இருநூறாண்டுக்கு முன் இரு பேட்டைகளுக்கும் நடுவே கிடந்த பள்ளம் வீதியாயிற்று. எத்தெருவில் எவர் நடப்பது என்று நம் முன்னோர் இட்ட பூசல் இன்று கதையாய்ப் போயிற்று. அப்பூசலின் வேலி ஒழிந்த இடத்தில் காசு கொடுத்துப் புதிய வேலி வாங்கி நட்டுக்கொள்ளுதல் நமக்கு அழகன்று. நம் வீட்டின் பின்மதிலை ஒருமுறை சென்று பார்ப்போம்; அதற்கப்பால் யார் குடியிருக்கின்றனர் என்று அறிவோம்; அவரை அடைய எவ்வளவு தூரம் சுற்றவேண்டும் என்று கணக்கிடுவோம். அக்கணக்கை எழுதிச் சங்கத்திற்கு அனுப்பும் அன்பர்களுக்கு, மனுவெழுதுவதிலும் வரைபடம் பெறுவதிலும் இயன்ற துணை புரிய நாம் காத்திருக்கிறோம்.